மால்டிங் ஹவுஸ் பள்ளி: குழந்தைகள் செய்துபார்த்த அறிவியல்

மால்டிங் ஹவுஸ் பள்ளி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1924 முதல் 1929 வரை இயங்கிய சிறு பள்ளி. இரண்டரை வயது முதல் எட்டு வயது வரையான குழந்தைகள் அங்கே படித்தனர். பாடவேளை, பாடநூல், தேர்வு எதுவும் கிடையாது. பொருள்களைத் தொட்டும் எரித்தும் நிறுத்தும் அறுத்தும் பார்த்து, தங்கள் கேள்விகளுக்குத் தாங்களே விடை தேடினர். ஐந்தாண்டுகளே நீடித்த இப்பள்ளியில் ஒரே நேரத்தில் இருந்த குழந்தைகள் அதிகபட்சம் இருபது பேர் அளவில்தான். ஆயினும் சின்னஞ்சிறு குழந்தைகளால் காரண காரியம் அறிந்து சிந்திக்க முடியுமா, அளவு என்பதன் பொருளை அவர்கள் எப்போது உணர்கிறார்கள் என்ற விவாதம் தொடக்கக் கல்வி வரலாற்றில் எழும்போதெல்லாம் இப்பள்ளியின் பெயரும் வருகிறது. பள்ளியின் முதல் தலைமையாசிரியர் சூசன் ஐசக்ஸ் எடுத்த நுணுக்கமான பதிவுகளே அதற்குக் காரணம்.

பைக்கின் விளம்பரம்

பள்ளியைத் தொடங்கிய ஜெஃப்ரி பைக் (1893–1948) கல்வியாளர் அல்லர். முதல் உலகப் போர் மூண்டபோது போலிக் கடவுச்சீட்டுடன் ஜெர்மனிக்குள் புகுந்து செய்தி அனுப்ப முயன்ற இளம் பத்திரிகையாளர். பெர்லினில் பிடிபட்டு, ரூலேபன் முகாமில் அடைக்கப்பட்டார். 1915இல் இன்னொரு கைதியுடன் அங்கிருந்து தப்பி, நெதர்லாந்து எல்லையைக் கடந்து ஊர் திரும்பினார். போருக்குப் பின் உலோகங்களின் முன்பேர வணிகத்தில் இறங்கிப் பெரும்பணம் ஈட்டினார். பின்னாளில், இரண்டாம் உலகப் போரின்போது, பனிக்கட்டியும் மரத்தூளும் கலந்து விமானந்தாங்கிக் கப்பல் கட்டலாம் என்று யோசனை சொன்னவரும் இவரே.

பைக்கின் பள்ளி நாள்கள் கசப்பானவை. யூதக் குடும்பத்தில் பிறந்த அவரை, ராணுவ அதிகாரிகளின் மகன்கள் பயின்ற விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தனர். அங்கே உடன்பயின்றவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானார். 1921இல் மகன் பிறந்தபோது, தான் பட்டது அவனுக்கு வரக்கூடாது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஊரில் உள்ள எந்தப் பள்ளியும் பிடிக்காததால் தன் வீட்டிலேயே ஒரு பள்ளி தொடங்கத் தீர்மானித்தார்.

1924 வசந்தத்தில் இதழ்களில் அவர் வெளியிட்ட விளம்பரம் வினோதமானது. இரண்டரை முதல் ஏழு வயது வரையுள்ள சில குழந்தைகளின் கல்வியை அறிவியல் ஆய்வாகவே நடத்தப் பட்டம் பெற்ற இளம்பெண் தேவை என்றது அது. கற்பித்த அனுபவம் தடையாகாது என்றும், இதுவரை ஆசிரியத் தொழில் தன் தகுதிக்குக் குறைவானது என்று எண்ணியவராக இருப்பது நல்லது என்றும் அதில் கண்டிருந்தது. அன்றைய ஆசிரியர்கள் இதைப் படித்து மகிழ்ந்திருக்க வாய்ப்பில்லை.

வேலைக்கு அமர்ந்த சூசன் ஐசக்ஸ் (1885–1948) லங்காஷயரில் பிறந்தவர். கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொன்னதற்காக அவருடைய தந்தை அவரைச் சிறுவயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். பல ஆண்டுகள் கழித்து மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1912இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். பிறகு கேம்பிரிட்ஜில் உளவியல் ஆய்வு, அதன்பின் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி. 1922இல் அவர் மணந்த நேதன் ஐசக்ஸ் உலோக வணிகர்; தத்துவத்தில் ஆழ்ந்த வாசிப்புடையவர். குழந்தைகளின் ‘ஏன்’ கேள்விகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பின்னர் மனைவியின் நூலில் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. எதிர்பார்த்தது நடக்காமல் போகும் இடத்தில்தான் குழந்தை ‘ஏன்’ என்று கேட்கிறது என்பது அக்கட்டுரையின் மையக் கருத்து. மால்டிங் ஹவுஸில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள அது நல்ல திறவுகோல்.

வீடும் தோட்டமும்

1924 அக்டோபரில் பத்துச் சிறுவர்களுடன் பள்ளி தொடங்கியது. அவர்களுள் மிக இளையவனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். மூத்தவனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. பின்னர்ச் சிறுமிகளும் சேர்ந்தனர். பெரும்பாலோர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு 131 என்று ஐசக்ஸ் குறித்திருக்கிறார். இங்கே கண்டவை எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துமா என்று எழும் ஐயத்துக்கு அந்த எண் நியாயம் சேர்க்கிறது. அதை அவர் மறைக்கவில்லை.

கூடத்தில் பியானோ இருந்தது. தச்சு வேலைக்கு ஓர் அறை. குழந்தைகளே பற்றவைக்கக்கூடிய புன்சன் விளக்குகளுடன் ஒரு சிறு ஆய்வறை. தோட்டத்தில் மணற்குழி, ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி. முயல், எலி, கினிப்பன்றி, கோழி, பட்டுப்புழு, பாம்பு ஆகியவற்றையும் வளர்த்தனர். ரம்பமும் சுத்தியலும் பொம்மைகள் அல்ல, பெரியவர்கள் பயன்படுத்தும் உண்மையான கருவிகள். ஒருவரை ஒருவர் அடிக்க ஓங்கினால் கருவி பறிபோகும், மற்றபடி தடையில்லை.

தோட்டத்திலிருந்த சீ-சா பலகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் சம இடைவெளிகளில் கொக்கிகள் இருந்தன. அவற்றில் எடைகளை மாட்டலாம், கழற்றலாம், இடம் மாற்றலாம். பூங்காக்களில் உள்ள சீ-சாவில் கனத்த பிள்ளை ஒருபுறம் உட்கார்ந்தால் மெலிந்த பிள்ளை மேலேயே தொங்கவேண்டும். இங்கே அப்படியில்லை. எத்தனை எடையை எந்தக் கொக்கியில் மாட்டினால் பலகை சமமாக நிற்கும் என்று பார்க்கலாம். நடுவிலிருந்து தள்ளிப்போகப் போகச் சிறிய எடையும் பெரிய வேலை செய்யும் என்பது நெம்புகோல் விதி. அந்த விதியின் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் விளையாட்டு நடக்க வேண்டுமானால் எடையையும் தூரத்தையும் கணக்கில் எடுத்தே தீரவேண்டும்.

பைக்கும் ஐசக்ஸும் ஆசிரியருக்கு வகுத்த முறை எளியது, ஆனால் கடைப்பிடிக்கக் கடினமானது. குழந்தை கேள்வி கேட்டால் விடை சொல்லிவிடக் கூடாது, ‘பார்த்துவிடுவோமா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். பொருளை அறியும் முன் அதன் பெயரைக் கற்பிப்பதையும் பைக் விரும்பவில்லை. பெயர் தெரிந்ததும் பொருளே தெரிந்துவிட்டதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும் என்பது அவர் அச்சம்.

முயல் செத்த நாள்

பள்ளியின் முறை எப்படி நடந்தது என்பதற்கு ஐசக்ஸின் பதிவுகளில் மிகவும் பேசப்படும் நிகழ்ச்சி 1925 ஜூலையில் நடந்தது. வளர்ப்பு முயல் ஒன்று இரவில் இறந்து கிடந்தது. முதலில் கண்ட சிறுவன், அதன் வயிறு ஏறி இறங்கவில்லை என்பதைக் கொண்டு அது செத்துவிட்டது என்றான். இன்னொருவன், தண்ணீரில் போட்டால் அதற்கு உயிர் வந்துவிடும் என்று தன் அப்பா சொன்னதாகச் சொன்னான். ஐசக்ஸ் மறுக்கவில்லை, செய்து பார்க்கலாமா என்று கேட்டார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி முயலை இட்டனர்.

அதற்குள் ஒரு சிறுவன் சோதனைக்கு ஒரு விதி வகுத்துவிட்டான்: மிதந்தால் செத்தது, மூழ்கினால் உயிரோடு உள்ளது. முயல் மிதந்தது. ஆனால் தண்ணீரின் சுழற்சியில் மெல்ல வட்டமிட்டது. அசைகிறதே, உயிர் இருக்கிறது என்றான் ஒருவன். ஐசக்ஸ் ஒரு சிறு குச்சியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். குச்சியும் அதேபோலச் சுற்றி வந்தது. குச்சிக்கு உயிரில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. பிறகு குழந்தைகளே முயலைப் புதைக்கலாம் என்று சொல்லிக் குழி தோண்டினர்.

கதை அத்துடன் முடியவில்லை. மறுநாள் இரு சிறுவர்கள் புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டனர். அது அங்கே இராது, வானத்துக்குப் போயிருக்கும் என்றான் ஒருவன். தோண்டத் தொடங்கி, சலித்து ஓடினர்; திரும்பி வந்து மறுபடி தோண்டினர்; வானத்துக்குத்தான் போய்விட்டதே என்று மறுபடி விட்டனர். அப்போது ஐசக்ஸ், இருக்கிறதா என்று பார்த்துவிடுவோமே என்று தாமும் தோண்டினார். முயல் அங்கேயே இருந்தது. குழந்தைகள் அதை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்தனர்.

இந்நிகழ்ச்சியில் ஐசக்ஸ் பேசியது மிகக் குறைவு. ஆனால் அவர் சும்மா நின்று பார்க்கவும் இல்லை. குச்சியைத் தண்ணீரில் போட்ட செயல் ஓர் ஒப்பீட்டுச் சோதனை. ‘அசைவு இருந்தால் உயிர்’ என்ற கருத்தை வாதத்தால் மறுக்காமல், அசையும் ஆனால் உயிரற்ற ஒன்றை அவர் கண்முன் வைத்தார். எந்தப் பாடத் திட்டத்திலும் எழுதி வைக்க முடியாத செயல் இது; சரியான நொடியில் சரியான குச்சி கையில் கிடைக்க வேண்டும். பின்னாளில் இம்முறையைப் பின்பற்ற முயன்ற பலர் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

அளவும் உருவமும் சார்ந்த நிகழ்ச்சி ஒன்றும் பதிவுகளில் உண்டு. தோட்டத்துக்கு மேலே விமானங்கள் பறப்பது வழக்கம். அதில் இருப்பவருக்கு நாம் தெரிவோமா, தோட்டம் எப்படித் தெரியும் என்று குழந்தைகள் கேட்டனர். மேலிருந்து பார்க்கும் தோட்டத்தைப் பிசைகளிமண்ணில் செய்து பார்த்தனர். பாதைகளும் பாத்திகளும் வந்தபின், மேலிருந்து பார்த்தால் தலைகள் மட்டுமே தெரியும் என்பதை நாலரை வயதுச் சிறுவன் ஒருவன் தானாகவே உணர்ந்தான். பாதைகள்மேல் சிறு தட்டையான முட்டை வடிவங்களைப் பதித்தான். ஓடித் திரியும் பிள்ளைகள் அவை. தன் இடத்திலிருந்து தெரிவதை விட்டு வேறோர் இடத்திலிருந்து தெரிவதை எண்ணிப் பார்ப்பது அந்த வயதில் இயலாது என்றே அன்றைய உளவியலார் பலர் கருதினர்.

ஊரில் பேச்சு வேறுவிதமாக இருந்தது. எச்சில் துப்பினாலும் கெட்ட வார்த்தை பேசினாலும் கண்டிக்கப்படாத பிள்ளைகள், கட்டுப்பாடற்ற பள்ளி என்று கேம்பிரிட்ஜில் கதைகள் உலவின. அவற்றில் உண்மையும் இருந்தது. உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற ஐசக்ஸ், குழந்தையின் கோபத்தையும் வெறுப்பையும் அடக்காமல் கவனிப்பதைத் தம் ஆய்வின் பகுதியாகவே கருதினார். முதலாண்டின் கூச்சல் போகப்போகக் குறைந்தது. குழந்தைகள் சொன்னதையும் செய்ததையும் நாளும் வயதும் குறித்து எழுதிவைத்தனர். 1926இல் உளவியலாளர் ஈவ்லின் லாரன்ஸ் வந்து சேர்ந்தார். பின்னர்ப் பேச்சை அப்படியே எடுக்கச் சுருக்கெழுத்தாளரும் அமர்த்தப்பட்டார். பைக்கின் பணமில்லாமல் இது நடந்திருக்காது.

பியாஜேயின் வருகை

1927இல் ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே பள்ளியைப் பார்க்க வந்தார். முப்பது வயதே ஆன அவர் அதற்குள் குழந்தையின் சிந்தனை குறித்துப் புகழ்பெற்ற நூல்களை எழுதியிருந்தார். சிறு குழந்தை தன்னை மையமாக வைத்தே உலகைப் பார்க்கிறது, உயிரற்ற பொருளுக்கும் உயிரைக் கற்பிக்கிறது, காரண காரிய உறவை ஏழெட்டு வயதுக்கு முன் உணர்வதில்லை என்பது அவர் முடிவு. காற்று எங்கிருந்து வருகிறது, கனவு எங்கே இருக்கிறது, சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று குழந்தைகளிடம் கேட்டு வந்த விடைகளே அவருக்கு ஆதாரம்.

இயந்திரங்களின் இயக்கத்தைக் குழந்தைகள் எந்த வயதில் விளங்கிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, ஐந்தே முக்கால் வயதுச் சிறுவன் ஒருவன் தோட்டத்தில் மூன்று சக்கர சைக்கிளில் அமர்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தான். வண்டி முன்னே போகவில்லையே என்றார் ஐசக்ஸ். பின்னால் மிதித்தால் எப்படிப் போகும் என்றான் அவன். சரி, போகும்போது எப்படிப் போகிறது என்று அவர் கேட்டார். கால் பெடலை அழுத்துவது, அது பல்சக்கரத்தைச் சுழற்றுவது, சங்கிலி அதனால் ஓடுவது, சங்கிலி பின்சக்கரத்தைச் சுற்றுவது என்று ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டி வரிசை தப்பாமல் சொல்லி முடித்தான்.

ஐசக்ஸ் 1930இல் வெளியிட்ட நூலில் பியாஜேயை மறுத்தார். கண்ணால் காணவும் கையால் தொடவும் முடியாதவற்றைப் பற்றி, தான் கேட்காத கேள்விக்கு விடை சொல்லக் குழந்தையை வற்புறுத்தினால் அது கற்பனையைத்தான் சொல்லும். அதே குழந்தை தனக்கு வேண்டிய காரியத்தில் இறங்கும்போது பெரியவரைப் போலவே காரணம் கண்டு பேசும். காற்றைப் பற்றி உளறும் பிள்ளையும் சைக்கிளைப் பற்றித் தெளிவாகச் சொல்லும் பிள்ளையும் ஒரே பிள்ளையாக இருக்கலாம். வயதுவாரியாகக் கோடு கிழித்துப் பிரிப்பது அதனால் தவறு.

பியாஜே அந்நூலை மதித்து எழுதினார், ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இவ்வளவு சாதகமான சூழலிலும் குழந்தை மனத்தின் அடிப்படைக் கட்டமைப்பு மறையவில்லை என்பதே அவர் கண்டது. பல ஆண்டுகள் கழித்து எழுதியபோது, பெரியவர்களின் ஒழுங்குபடுத்தும் தலையீடு கொஞ்சம் இருந்திருந்தால் கெடுதல் நேர்ந்திராது என்றும் குறிப்பிட்டார். இரண்டும் முற்றிலும் எதிரெதிரான நிலைகள் அல்ல. பியாஜே கேட்டது குழந்தையால் எது முடியும் என்ற பொதுவான கேள்வி. ஐசக்ஸ் கேட்டது, எந்தச் சூழலில் முடியும் என்று. ஆசிரியருக்கு இரண்டாவதே பயன்படும்.

பள்ளியின் முடிவு

1927இல் பைக் மறுபடி ஒரு விளம்பரம் செய்தார். நாலரை வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அறிவியலையும் அறிவியல் முறையையும் அறிமுகப்படுத்த முதல்தரமான அறிவியலாளர் வேண்டும் என்பது அதன் சாரம். தேர்வுக்கு உதவ அணு ஆய்வில் உலகப் புகழ் பெற்ற எர்னஸ்ட் ரூதர்ஃபோர்ட், உயிரியலாளர் ஹால்டேன், கல்வியாளர் பெர்சி நன் ஆகியோர் இசைந்தனர். நியூயார்க்கிலிருந்து ரிச்சர்ட் ஸ்லாவ்சன் வந்து பொறுப்பேற்றார். பின்னாளில் குழு உளச்சிகிச்சையின் முன்னோடியாகப் பெயர் பெற்றவர் இவர். அதே ஆண்டு பள்ளியைப் பற்றிய திரைப்படம் எடுக்கப்பட்டு லண்டனில் திரையிடப்பட்டது.

பார்வைக்குப் பள்ளி உச்சத்தில் இருந்த அந்த ஆண்டிலேயே அடித்தளம் சரிந்தது. உலோகச் சந்தையில் பைக் பெருநட்டம் கண்டார். பள்ளி நிர்வாகத்தில் பைக்கோடு ஏற்பட்ட மனக்கசப்பால் ஐசக்ஸ் 1927 இறுதியில் விலகினார். அறக்கட்டளைகளிடம் கேட்ட நிதி கிடைக்கவில்லை. 1929இல் பள்ளி மூடப்பட்டது. குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் தொடங்கிய பள்ளி, அந்தக் குழந்தைக்கு எட்டு வயது ஆகும்போது இல்லாமல் போயிற்று.

ஆனால் பதிவேடுகள் ஐசக்ஸிடம் இருந்தன. 1930இலும் 1933இலும் அவை இரு பெரும் நூல்களாயின. 1933இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தில் தொடங்கப்பட்ட குழந்தை வளர்ச்சித் துறைக்கு அவர் தலைவரானார்; மழலையர் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவர்கள் அங்கே வந்து படித்தனர். பெற்றோர் இதழ் ஒன்றில் புனைபெயரில் தாய்மாரின் கடிதங்களுக்குப் பல ஆண்டுகள் விடை எழுதினார். தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம் சேர்த்து வைக்கும் தகவல்களைக் கொண்டன்றி, செயலையும் அனுபவத்தையும் கொண்டு அமைய வேண்டும் என்று 1931இல் வெளிவந்த அரசின் ஹாடோ குழு அறிக்கை கூறியபோது, இருபது பிள்ளைகளின் தோட்டத்தில் நடந்தது நாட்டின் கொள்கைப் பேச்சுக்குள் வந்துவிட்டது. வகுப்பறைக்குள் அது வர இன்னும் முப்பதாண்டுகள் ஆயின.

கோபுரமும் குச்சியும்

இதற்கிடையே பியாஜே, சோதனைகளில் வெறும் உரையாடலை விட்டு, குழந்தையின் கையில் பொருளைக் கொடுத்துக் கேட்கும் முறைக்கு மாறியிருந்தார். அகலக் குவளையிலிருந்து ஒடுங்கிய குவளைக்கு நீரை மாற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்கும் சோதனை எல்லோருக்கும் தெரிந்தது. அளத்தலைப் பற்றி அவரும் இன்ஹெல்டர், ஷெமின்ஸ்கா ஆகியோரும் செய்த சோதனைகள் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அவை 1948இல் நூலாயின.

ஒரு மேசைமேல் கட்டைகளால் கட்டிய கோபுரம் இருக்கும். அதே உயரத்தில் இன்னொன்றை, தாழ்வான வேறொரு மேசைமேல் குழந்தை கட்ட வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் குச்சிகளும் காகிதப் பட்டைகளும் இருக்கும். அவற்றால் அளக்கலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மிகச் சிறியவர்கள் கண்ணால் பார்த்தே சமம் என்று முடிவு கட்டினர். மேசை தாழ்ந்திருப்பது கணக்கில் வரவே இல்லை. சற்றுப் பெரியவர்கள் கோபுரத்தையே பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டி வைக்க நினைத்தனர். அடுத்த நிலையில் உடம்பே அளவுகோலாயிற்று: ஒரு கையை உச்சியிலும் மறு கையை அடியிலும் வைத்து, அந்த இடைவெளி மாறாதபடி விறைப்பாக நடந்து மற்ற மேசைக்குப் போயினர். கை ஆடிவிடும் என்று புரிந்தபின் குச்சியைத் தேடினர். முதலில் கோபுரத்தின் அளவுக்குச் சரியான குச்சிதான் வேண்டியிருந்தது. பிறகு நீளமான குச்சியில் அடையாளமிட்டனர். சிறு குச்சி ஒன்றை மேலே மேலே வைத்து எத்தனை முறை என்று எண்ணுவது ஏறத்தாழ எட்டு வயதில் வந்தது.

மனிதர்கள் அளவைகளைக் கண்டடைந்த பாதையும் இதுவே என்று சொல்லத் தோன்றும். சாணும் முழமும் உடம்பிலிருந்து வந்தவை. பூ விற்பவரின் முழமும் வாங்குபவரின் முழமும் ஒன்றாக இராது என்பது தெரிந்த பிறகுதான் யாருடைய கையையும் சாராத கோல் தேவைப்படுகிறது.

நஃபீல்டு திட்டங்கள்

1964இல் பிரிட்டனின் நஃபீல்டு அறக்கட்டளை தொடக்கப் பள்ளிகளுக்கான இரு திட்டங்களைத் தொடங்கியது. இளையோர் அறிவியல் திட்டத்தை ரான் வாஸ்ட்னெட்ஜும் கணிதத் திட்டத்தை ஜெஃப்ரி மாத்யூஸும் நடத்தினர். செய்தால்தான் புரியும் என்ற பொருள்படும் தலைப்பில் கணிதத் திட்டத்தின் முதல் நூல் 1967இல் வந்தது. நேதன் ஐசக்ஸ் அப்போதும் எழுதிக்கொண்டிருந்தார். மனைவியோடு சேர்ந்து பியாஜேயை மறுத்தவர், பின்னாளில் பியாஜேயின் கருத்துகளை ஆங்கில ஆசிரியர்களுக்கு எளிய மொழியில் விளக்கிய முக்கியமானவர்களுள் ஒருவரானார். 1966இல் இறக்கும்வரை சிறுவர் அறிவியலுக்காகப் பேசினார்.

இத்திட்டங்களைப் பின்பற்றிய வகுப்புகளில் அளத்தல் பாடம் அளவுகோலோடு தொடங்கவில்லை. முதலில் மணல், நீர், கட்டை ஆகியவற்றோடு விளையாட்டு. பிறகு எது நீளம், எது கனம் என்ற ஒப்பீடு. பிறகு சாண், காலடி போன்ற சொந்த அளவுகள். ஒரே கூடத்தை இருவர் காலடியால் அளந்து வெவ்வேறு எண் சொல்லும்போது சண்டை வரும். அந்தச் சண்டையிலிருந்துதான் பொது அளவு வரவேண்டும். பிரிட்டன் 1965இல்தான் மெட்ரிக் முறைக்கு மாறப்போவதாக அறிவித்திருந்தது. அங்குலத்தில் வளர்ந்த ஆசிரியர் சென்டிமீட்டரில் கற்பிக்க வேண்டிய காலம் அது. அளவு என்பது மனிதர் கூடி ஏற்றுக்கொண்ட ஏற்பாடு என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

இளையோர் அறிவியல் திட்டம் பாடத்திட்டம் எதையும் வகுக்க மறுத்தது. பிள்ளைகளின் கேள்வியே தொடக்கம். ஆசிரியர் அதைப் பின்தொடர வேண்டும். வழிகாட்டி நூல்களில் உண்மையான வகுப்புகளின் கதைகள் நிறைந்திருந்தன. படிக்க இனியவை. ஆனால் நாற்பது பிள்ளைகள்வரை இருக்கும் வகுப்பில், அறிவியலைப் பள்ளியோடு விட்டுவிட்ட ஆசிரியருக்கு, நாளை காலை என்ன செய்வது என்பதை அவை சொல்லவில்லை. ஐசக்ஸ் அன்று தண்ணீரில் போட்ட குச்சி அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? அடுத்து வந்த ‘அறிவியல் 5/13’ திட்டம் இக்குறையை உணர்ந்து, குழந்தையின் வளர்ச்சி நிலைக்கேற்ற நோக்கங்களைத் தொகுத்து, மரம், காலம், சிறு பூச்சிகள் என்று பொருள்வாரியாக நூல்களை வெளியிட்டது. 1967இல் வெளியான பிளவுடன் அறிக்கை இப்போக்கை வாழ்த்தி வரவேற்றிருந்தது. ஆனால் 1978இல் அரசின் பள்ளி ஆய்வாளர்கள் நாடெங்கும் பார்த்து எழுதிய அறிக்கை, மிகச் சில தொடக்கப் பள்ளிகளிலேயே அறிவியல் உருப்படியாகக் கற்பிக்கப்படுவதாகக் கண்டது. திட்டங்கள் தோற்றன என்பதைவிடப் பெரும்பாலான வகுப்புகளை அவை எட்டவேயில்லை என்பதே சரி.

எட்டிய இடத்திலும் ஒரு விபரீதம் நேர்ந்தது. நஃபீல்டு கணிதத் திட்டத்துக்காக ஜெனீவாவில் பியாஜேயின் குழுவினர் ஆசிரியருக்கான சோதனைக் கையேடுகளைத் தயாரித்துத் தந்தனர். குழந்தை எப்படிச் சிந்திக்கிறது என்று ஆசிரியர் அறிவதற்கான கருவி அது. சில வகுப்புகளில் அது வாசற்காவலாக மாறியது. நீர்க் குவளைக் கேள்விக்குத் தவறாக விடை சொன்ன பிள்ளை அளத்தலுக்கு இன்னும் ‘தயாராகவில்லை’ என்று ஒத்திவைக்கப்பட்டது. செய்தால்தான் புரியும் என்று தொடங்கிய திட்டத்தில், புரியும்வரை செய்யாதே என்ற முடிவு.

கரடியும் துளையும்

அந்த முடிவை அசைத்தது எழுபதுகளின் உளவியல். எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் பியாஜேயின் சோதனை ஒன்றைச் சற்றே மாற்றினர். சம எண்ணிக்கையுள்ள இரு வரிசை வில்லைகளில் ஒன்றைப் பெரியவர் நெருக்கியோ பரப்பியோ வைத்து, இப்போதும் சமமா என்று மறுபடி கேட்டால் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இல்லை என்பர். அதையே குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து துள்ளி வந்து கலைத்துவிட்டால், முன்னைவிடப் பலர் சமம்தான் என்றனர். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றைச் செய்துவிட்டு அதே கேள்வியை மீண்டும் கேட்டால் விடை மாற வேண்டும்போலும் என்று குழந்தை நினைக்கிறது. கலைத்தது கரடி என்றால் கேள்வி உண்மையான கேள்வியாகிறது. டொனால்ட்சன் 1978இல் வெளியிட்ட குழந்தை மனம் குறித்த நூலில் இதை விரித்து எழுதினார். அரை நூற்றாண்டுக்கு முன் ஐசக்ஸ் தோட்டத்திலிருந்து சொன்னதை ஆய்வுக்கூடத்தில் நிறுவியது போலாயிற்று.

அளத்தலைப் பொறுத்தவரை நேரடியான விடை 1976இல் வந்தது. பீட்டர் பிரையன்டும் கோப்பிட்டின்ஸ்காவும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை அது. கோபுரச் சோதனையில் பிள்ளைகள் குச்சியை எடுக்காததற்கு, அளக்கத் தெரியாதது காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று அவர்கள் ஐயுற்றனர். இரு கோபுரங்களும் கண்முன் தெரிகின்றன; பார்த்தாலே போதும் என்று தோன்றும்போது குச்சி எதற்கு? எனவே பார்க்க முடியாத ஒன்றை வைத்தனர். மரக்கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துளை. எந்தத் துளை ஆழம் என்று சொல்ல வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்துப் பயனில்லை. பக்கத்தில் ஒரு குச்சி கிடந்தது. கோபுரச் சோதனையில் குச்சியைத் தொடாத ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளில் பலர் யாரும் சொல்லாமலே அதை எடுத்து முதல் துளையில் விட்டனர், எதுவரை போனது என்று பார்த்தனர், பிறகு இரண்டாவது துளையில் விட்டனர்.